மொட்டை மாடியில் கட்டிய நாய்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த மூன்று மாடி வீட்டின் உச்சியில் ஒரு அல்சேஷன் நாய் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் வீட்டுக்காரர். கள்ளருக்காக அல்ல, எங்களுக்காக. மொட்டை மாடியில் நின்று கரையோர ரயில் பாதையைப் பார்ப்பவர்கள் யார் என்று ஒருநாள் பொலிஸ் வந்து விசாரித்தது. உடுப்புக் காயப்போடப் போனவர்கள்தான். அடுத்த வாரம் நாய் வந்தது. உடுப்புகள் அறைகளுக்குள் காய்ந்தன.

பத்திரிகையில் எனக்கு இரவு வேலை. பகலில் வீட்டில் இருப்பேன் என்பதால் நாயின் பகல் எனக்குத் தெரிந்திருந்தது. காலையில் தண்ணீர்த் தாங்கியின் நிழல் அதற்குக் கிடைக்கும். ஏப்ரலில் கொழும்பில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். பதினொன்றரைக்குப் பிறகு நிழல் தாங்கிக்கு அடியிலேயே சுருங்கிவிடும். சங்கிலி அவ்வளவு தூரம் எட்டாது. அலுமினியச் சட்டியில் வைத்த தண்ணீரில் விரல் வைக்க முடியாது. படிவாசலில் குந்தியிருந்து சீமெந்துத் தரையில் உள்ளங்கையை வைத்து எண்ணிப் பார்த்தேன். நாலுக்கு மேல் தாங்கவில்லை. நாய் அதில் பின்னேரம்வரை நின்றது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஐயா, மத்தியானத்திலயாவது நாயைப் படியடியில இறக்கிக் கட்டலாமே."

"ஏன், இதையும் பேப்பரில போடப்போறீரோ? அது நாய், தம்பி. நீர் மேல போற வேலையை வைச்சுக்கொள்ளாதையும். போனா லிஸ்ட்டில உம்மட பேர் இராது."

லிஸ்ட் என்றால் வீட்டில் வசிப்பவர்களின் பெயர்களை எழுதி, பொலிஸ் முத்திரை குத்திய தாள். சுற்றிவளைப்பு நடக்கும்போது அதில் பெயர் இல்லாத யாழ்ப்பாணத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் பெயர்களை எழுதுவதும் வெட்டுவதும் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

அதன்பின் நான் படிவாசலைத் தாண்டவில்லை. அங்கே நின்றபடி புதுத் தண்ணீர் வைத்த சட்டியைத் தும்புத்தடியால் தள்ளிவிட்டு, நாய் குரைக்கத் தொடங்கியதும் இறங்கிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அது குரைக்கவில்லை. சரிந்து கிடந்தது. நாக்கு முழுவதும் வெளியே தள்ளிச் செக்கச் சிவந்திருந்தது. வீணீர் நூலாக ஒழுகியது. கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. சங்கிலியைக் கழற்றித் தூக்கினேன். இரண்டாம் மாடி வரைதான் தூக்க முடிந்தது. நடையில் கிடத்தி, ஒரு சாக்கை நனைத்து அதன் மேல் போர்த்தினேன்.

அங்கே குடியிருந்த ரீச்சர் கதவைத் திறந்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் ரியூஷன் கொடுப்பவர்.

"சாக்கை எடும் தம்பி! உயிரோட அவிக்கிறீரோ?"

"குளிரட்டும் எண்டுதான்…"

"கொஞ்ச நேரத்தில சாக்கே சூடாகி, உடம்புச் சூட்டை வெளிய விடாது. வயித்திலயும் பாதத்திலயும் தண்ணி ஊத்தும். பைப் தண்ணி காணும், ஐஸ் வேண்டாம். காத்துப் படட்டும்."

மின்வெட்டு நேரம், விசிறி இல்லை. ரீச்சர் வினாத்தாள் கட்டொன்றை எடுத்துவந்து குந்தியிருந்து விசிறினார். இருபது நிமிடத்தில் மூச்சு நிதானப்பட்டது. பிறகு தலையைத் தூக்கித் தண்ணீரை நக்கியது.

அப்போதுதான் வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

"ஆரைக் கேட்டுக் கழட்டினனீர்?"

பதிலுக்கு நிற்கவில்லை. மேலே போய்ச் சங்கிலியை எடுத்துவந்து பூட்டி இழுத்தார். நாய் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. விலாவில் உதைத்தார்.

"இப்ப வெயிலுக்குக் கொண்டுபோனா செத்துப்போம், அண்ணை," என்றார் ரீச்சர்.

"செத்தா வேற நாய் வாங்குவன். உம்மட பேரும் அந்த லிஸ்ட்டிலதான் இருக்கு, ரீச்சர்."

"வெட்டுங்கோ. எல்லாற்ற பேரையும் வெட்டிப்போட்டு நாயின்ர பேரை எழுதுங்கோ. அது வாடகை தரும்."

சத்தம் கேட்டு மேலும் கீழும் கதவுகள் திறந்திருந்தன. எங்கோ ஒருவர் சிரித்தார். இன்னொருவரும் சிரித்தார். வீட்டுக்காரரின் கழுத்து சிவந்தது. சங்கிலியைக் கீழே போட்டார்.

"சரி, நாய் இஞ்சயே கிடக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "நீர் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் வெளிக்கிட வேணும். பேரை இண்டைக்கே வெட்டுறன்."

 திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ரீச்சர் நாயின் பாதத்தைத் திருப்பிக் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

அன்றிரவு வேலை முடிந்து பத்திரிகைக் கந்தோர் மேசையிலேயே படுத்தேன். மறுநாள் தெஹிவளையில் ஓர் அறை கிடைத்தது. சனிக்கிழமை பின்னேரம் வந்து, மூன்றாம் மாடியில் என் அறையிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியபோது நாய் இரண்டாம் மாடி நடையில் குறுக்கே படுத்திருந்தது. பக்கத்தில் ரீச்சரின் பிளாஸ்டிக் பேசின் நிறையத் தண்ணீர். நான் தாண்டக் காலைத் தூக்கியதும் எழுந்து பல்லைக் காட்டியது. சுவரோடு ஒட்டி, பெட்டியை எனக்கும் அதற்கும் நடுவில் பிடித்தபடி இறங்கினேன்.