கற்பூரத்துக்கு முன் வந்த வாசம்

கோவையில் தோழிகளோடு வாடகை வீட்டில் தங்கிப் படித்த என் மகளுக்குப் படிப்பு முடிந்தது. வீட்டைக் காலி செய்ய, அன்னூரிலிருந்து நானே கார் ஓட்டிப் போனேன்.

"பழசையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வா கண்ணு" என்று அவளை அதட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் அவர்கள் டீ போடும் குட்டி கேஸ் அடுப்பை விட எனக்கே மனம் வரவில்லை. சிலிண்டரோடு சாக்கில் கட்டி டிக்கியில் வைத்து, மேலே மெத்தையைத் திணித்து, அமுக்கிச் சாத்தினேன்.

திருஷ்டி கழிக்காமல் நான் வண்டியை எடுக்க மாட்டேன். காரின் பின்னால் நின்று, தட்டில் கற்பூரம் வைத்து, தீக்குச்சியை எடுத்தேன். அப்போது மகள், "செருப்பு உள்ள போயிருச்சுங்கம்மா" என்று டிக்கியைத் திறந்தாள்.

குப்பென்று கேஸ் நாற்றம். நான் அமுக்கியதில் அடுப்பின் திருகு திரும்பியிருக்கிறது!

"அம்மா, குச்சியக் கிழிச்சுப்போடாதீங்க!"

குச்சி தீப்பெட்டியின் மேல்தான் இருந்தது. கீழே போடக்கூட என் விரல்கள் கேட்கவில்லை. அவள்தான் பிடுங்கி எறிந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாக்கை இழுத்துத் திருகை மூடினாள். கார்க் கதவுகளைத் திறந்துபோட்டு, நாற்றம் போகும்வரை நடுத்தெருவில் நின்றோம்.

இப்போது வீடு மாறுகிறவர்கள் யாராயிருந்தாலும், "மொதல்ல கேஸ் சிலிண்டரக் கடையில திருப்பிக் குடுத்துப்போடுங்க" என்கிறேன். சாமி விளக்கு ஏற்றக்கூட, முகர்ந்து பார்க்காமல் தீக்குச்சியை உரசுவதில்லை. அடுப்பின் திருகு மூடித்தான் இருக்கும். ஆனாலும் சில நாள் அந்த வாசம் வருகிறது.