கண்ணாடிக் கதவுக்கு நான் காவல்

ஏ.டி.எம்.மில் பணம் எடுத்து முடித்த பிறகும் கேன்சல் பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டுத்தான் வெளியே வருவேன். வந்த பிறகு திரும்பவும் உள்ளே போய்த் திரையைப் பார்ப்பேன். மகள் இடுப்பில் அழுதாலும் சரி, பின்னால் ஆள் நின்று முறைத்தாலும் சரி. "கார்டு கையில இருக்கு, காசு பையில இருக்கு, இன்னும் என்னத்தத் தேடுற?" என்பார் கணவர். அவர் ஆரணியில் வளர்ந்தவர் இல்லை.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும், ஒன்பதாகவும் இருக்கலாம். விடியற்காலையில் அம்மாவுக்குப் பிரசவ வலி வந்து, கிடைத்த காரில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடிய அவசரத்தில், அப்பா தன் ஏ.டி.எம். கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டார். அவருக்கு ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை. சம்பளத்தை வங்கியில் போடுவார்கள். தறி ஓட்டி வாரக்கூலி வாங்கும் எங்கள் தெருவில் அப்படி ஒரு கார்டு எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. சாமி படத்துக்குக் கீழே அதற்கு இடம். ஆயுத பூஜைக்கு அம்மா அதற்கும் பொட்டு வைப்பாள்.

மதியம் அப்பா மாமாவுக்குப் போன் செய்தார். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டுமாம். முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், கார்டில் எடுத்துக்கொண்டு உடனே வா என்றார். மாமா, அம்மாவின் தம்பி. பட்டுக்கடை ஒன்றில் புடவை மடித்துக்கொண்டிருந்தவர். அப்பா சொன்ன ரகசிய எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, வீட்டிலிருந்து கார்டை எடுத்து, பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்த என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

மாமா அந்த இயந்திரத்தை அதற்கு முன் தொட்டதில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். நானும் கழற்றினேன். கார்டில் ஒட்டியிருந்த குங்குமத்தைச் சட்டையில் துடைத்து உள்ளே செருகினார். கையைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்தினார். உள்ளே நோட்டு எண்ணுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து, பின்தெருவில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. எங்கள் ஊரில் கரண்ட் போனதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊரே சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். திரை இருண்டது. காசும் வரவில்லை, கார்டும் வரவில்லை.

மாமா இயந்திரத்தைத் தட்டினார், குனிந்து அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னை வாசலுக்கு அழைத்து வந்தார்.

"கரண்ட் வந்தா காசு தானா வெளிய வரும். நான் பேங்குல ஆளக் கூட்டிகினு வரேன். ஒருத்தரையும் உள்ள வுடாத. வேற யாராச்சும் அமுக்கினாங்கன்னா நம்ம காசு அவங்க கைக்குப் பூடும்."

சொல்லிவிட்டு மொபெட்டில் பறந்தார். இன்று என் மகளை அப்படி ஒரு நிமிடம் விடுவேனா என்றால் விடமாட்டேன். ஆனால் மாமாவுக்கும் அப்போது என்ன வயது? மீசை சரியாக வராத முகம்தான் நினைவில் இருக்கிறது.

கண்ணாடிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் பக்கத்துக் கடை நிழலில் நின்றார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வந்தார். கட்டைக் குரல். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பாப்பா, மேனேஜரா நீ?"

"யாரும் உள்ள போகக்கூடாது. எங்க காசு உள்ள மாட்டிக்கினு இருக்குது. எங்க அம்மாவுக்கு ஆபரேஷன்."

அவர் சிரித்தார். "காசு உங்க நைனா கணக்குலயேதாம்மா இருக்கும். அது எங்கயும் போவாது."

"நீங்க உள்ள பூந்து பாத்தீங்களா?"

நிழலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "கேட்டுச்சா? பதில் சொல்லு" என்று யாரோ அவரைச் சீண்டினார்கள். கட்டைப்பையோடு நின்ற ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "யார் வூட்டுப் பொண்ணும்மா நீ? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். போளூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கரண்ட் வந்ததும் முதலில் தன்னை விடும்படி மற்றவர்களிடம் அவள் சொல்லிவைத்திருந்தது என் காதில் விழுந்திருந்தது. அதனால் அவளிடம்தான் நான் அதிக உஷாராக இருந்தேன்.

திடீரென்று பின்தெருவில் தறிகள் ஓடத் தொடங்கின. முதுகுக்குப் பின்னால் இயந்திரம் உயிர்பெற்று முனகியது. நிழலில் இருந்தவர்கள் எல்லோரும் கதவை நோக்கி வந்தார்கள். நான் இரண்டு கைகளையும் விரித்தேன். அதுவரை அழாதவள், அப்போது பெருங்குரலில் அழுதேன்.

"போவாதீங்க! எங்க மாமா வரட்டும்! எங்க அம்மாவுக்கு வேணும்!"

ஹெல்மெட்காரர் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "ஒருத்தரும் போவாதீங்கப்பா. மாமா வரட்டும்" என்றார்.

புதிதாக வந்த ஒருவர், "இன்னா, மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டார்.

"மிஷின் நல்லாத்தான் கீது. மேனேஜர் பர்மிஷன் குடுக்கல" என்று என்னைக் காட்டினார் அவர்.

யாரும் சண்டை போடவில்லை. வெயில் நிழலைத் தின்றுகொண்டே வந்தது. போளூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. கட்டைப்பை அம்மா அதை ஒரு தடவை பார்த்தாள். பிறகு படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன். கதவைவிட்டு முதுகை மட்டும் எடுக்கவில்லை.

மாமா வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. சனிக்கிழமை என்பதால் வங்கியை மூடிவிட்டார்களாம். கடை முதலாளியின் காலைப் பிடித்துப் பணம் வாங்கி, மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். "ஜல்தி வா, வேலூர் பஸ் நிக்குது" என்றார். உள்ளே இருக்கும் நம் காசு என்ன ஆவது என்று நான் நகர மறுத்தேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். செருப்புகள் அங்கேயே கிடந்தன.

சாயங்காலம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து தம்பி பிறந்தான். திங்கட்கிழமை வங்கிக்குப் போய்க் கார்டை வாங்கிவந்த அப்பா, கணக்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை என்றார். பின்னே குறையுமா? நான் காவல் நின்றேனே! படுக்கையில் தம்பியை அணைத்துக்கொண்டு கிடந்த அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஹெல்மெட்காரர் எனக்குப் பயந்து பின்வாங்கியதை, அத்தனை பேரும் எனக்குப் பயந்து வெயிலில் நின்றதை எல்லாம் நடித்தே காட்டினேன்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அந்தப் போளூர் அம்மாவுக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கின்னு கேட்டியா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. காசைக் காப்பாற்றியவள் எதிரில் நிற்கிறேன். அம்மா என்னவோ பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறாள்.