அறுபத்திரண்டு பேருக்கு நம்பர் கொடுத்தவன்

வெயிலில் சூடான புது கேசட் உறையின் பிளாஸ்டிக் வாசனை... எண்பதுகளின் தொடக்கத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பாய் ஒருவரின் கேசட் கடை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அதன் வாசலில் நின்றேன். திரையிசை ரசிகர்கள் மாநாடு நடத்துகிறார்கள். மெட்ராசிலிருந்து பின்னணிப் பாடகி ஒருவர் வருகிறார். டிக்கெட் அந்தக் கடையில் மட்டும்தான், மதியம் இரண்டு மணிக்கு.

எனக்குப் பாட்டில் பெரிய ஆர்வம் கிடையாது. ஆக்னஸ் அக்காவுக்காக வந்திருந்தேன். கல்யாணமாகி, மூன்று வாரத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போகப்போகிறாள். நான் பாலிடெக்னிக் முடிக்கும்வரை ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்தவள். என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை.

"போறதுக்கு முன்னாடி அவங்க குரல ஒரு தடவ நேர்ல கேட்டுடணும்டா."

இந்த ஒன்றுதான்.

வரிசையில் நான் ஒன்பதாவது. வரிசை என்று பெயர்தான்... பாதிப் பேருக்குப் பதில் பொருள்கள் நின்றன. குடை, செய்தித்தாளில் சுற்றிய செங்கல், செருப்பு. இடம் பிடிக்க எதையாவது வைத்துவிட்டுப் போவது இந்த ஊர்ப் பழக்கம்.

"இது யாரு செருப்பு?"

"என் மச்சானோடது. காப்பி குடிக்கப் போயிருக்காரு."

"ஒத்தக் கால்லயா போனாரு?"

சண்டை. ஒரு மணி நேரம் பொறுத்தேன். ஜூரோங் தொழிற்பேட்டையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன் நான். ஒழுங்கில்லாத எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"பாய், நான் நம்பர் எழுதித் தர்றேன். ரெண்டு மணிக்கு நம்பர்படி கூப்பிடுங்க. நம்பர் இல்லாதவங்கள விடாதீங்க. எதுக்கு எல்லாரும் வெயில்ல சாகணும்?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "சரி தம்பி. ஆனா என்னக் கேட்டா, ஆளு நின்னாத்தான் ஆளு."

பழைய காலத்து மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். சட்டைப்பையில் இருந்த கிராஃப் நோட்டைக் கிழித்தேன். ஒவ்வொரு சீட்டிலும் எண், கீழே என் கையெழுத்து. வரிசையின் தலையிலிருந்து வால்வரை நடந்து கொடுத்தேன். அறுபத்திரண்டு சீட்டு.

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்லா!" என்றார் ஒரு மாமா.

பெருமையோடு பக்கத்தில் ஜாலான் புசாரில் இருந்த வீட்டுக்கு நடந்து போய்க் குளித்தேன், சாப்பிட்டேன்.

ஒன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தால், சந்து முனைக் காப்பிக்கடையில் தங்கச் சங்கிலி போட்ட ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். கையில் விசிறி மாதிரி என் கிராஃப் தாள்கள். சீட்டு வாங்கியவர்களில் பலர் அவனிடம் விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் பிளாக்கில் விற்றுக்கொண்டிருந்தான்.

காலையில் வரிசையில் நின்றுகொண்டிருந்த வரைக்கும் யாராலும் தன் இடத்தை இப்படி விற்றிருக்க முடியாது. அதைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தவன் நான்.

சரி, நம்முடைய டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போவோம் என்று கடை வாசலுக்குப் போனேன்.

"தம்பி, உங்க நம்பர்?"

சட்டைப்பையைத் தடவினேன். இல்லை. எட்டாவது ஆளுக்கு எட்டைக் கொடுத்தேன். ஒன்பதாவது இடத்தில் நிற்க வேண்டியவன் எழுதிக்கொண்டிருந்தான்... அதனால் ஒன்பது எனக்குப் பின்னால் நின்றவருக்குப் போய்விட்டது. எல்லாரையும் எண்ணினேன், என்னை எண்ணவில்லை.

"நான்தானே பாய் எல்லாருக்கும் நம்பர் கொடுத்தேன்!"

"தெரியுது தம்பி. ஆனா நம்பர் இல்லாதவங்கள விடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஹலோ, பின்னாடி போலா!" காலையில் என்னைப் பாராட்டிய அதே மாமா.

சங்கிலிக்காரன் பக்கத்தில் வந்தான். "பதினொண்ணாம் நம்பர் இருக்கு. டிக்கெட் விலையப் போல மூணு மடங்கு."

"யோவ், இது என் கையெழுத்துய்யா!"

"அதனாலதான் சொல்றேன், ஒரிஜினல்."

பணம் இருந்தது. ஆனாலும் அவனுக்குக் கொடுப்பதா? நான்கு வார்த்தை திட்டிவிட்டுக் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போதே டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று பாய் கதவைச் சாத்திவிட்டார்.

அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே தவறு நடந்தது, எப்படித் திருத்தியிருக்கலாம் என்று விளக்கினேன். சீட்டில் பெயரும் எழுதியிருக்க வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் பதினொண்ண வேணாம்னுட்டியா?"

"பிளாக்ல வாங்கறது தப்புக்கா."

ஒரு புடவையை மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"எனக்காக ஒரு தப்பு செஞ்சிருக்கலாம்லா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான்...

போன வாரம் என் மகன் ஏதோ காமிக்ஸ் மாநாட்டு டிக்கெட்டுக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் அவனுக்கு ஒரு வரிசை எண். நான்கே நிமிடத்தில் எல்லாம் விற்றுப் போயிற்று. சாயங்காலமே அதே டிக்கெட் இணையத்தில் மூன்று மடங்கு விலைக்கு வந்தது. சண்டை போடக்கூட எதிரே ஓர் ஆள் இல்லை. டிக்கெட்டில் பெயர் போட்டு, வாசலில் அடையாள அட்டையைப் பார்த்தால் முடிந்தது. சின்ன வேலை. செய்ய மாட்டார்கள். அவனிடம் அரை மணி நேரம் பேசினேன். பிளாக்கில் வாங்குவது தப்பு என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அந்தப் பாடகி பிறகு எங்கும் மேடை ஏறவில்லை என்று கேள்வி.

அந்த நாளில் பெர்த்துக்குப் பேச வேண்டுமென்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவோம், பாதி இரைச்சல். இப்போது ஞாயிறுதோறும் வீடியோ கால். அவள் அடுப்பில் தாளிப்பது வரை கேட்கிறது. சில நாள் அவளுக்குப் பின்னால் அந்தப் பாடகியின் பழைய பாட்டு ஓடும். போனை அதன் பக்கம் கொண்டுபோவாள்.

"கேக்குதாடா?"

"லைன் சரியில்லக்கா," என்பேன்.