வாத்தியார் வீட்டுத் தொட்டிக்கு பாட்டிலா, சிலிண்டரா?

மீன் விற்பவருக்கு மீனைப் பற்றித்தான் கவலை. மீன்தொட்டிக்குள் வளர்க்கும் செடி விற்கிற எங்களுக்கு, வாங்கிப்போனவர் வீட்டுக் கவலையும் சேர்ந்து வந்துவிடும். அம்மா மண்டபம் சாலையில் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், நாளெல்லாம் ஒரே கேள்விதான்: செடி செழிக்க பாட்டிலில் வரும் லிக்விட் கார்பனா, சிலிண்டரில் வரும் கார்பன் டை ஆக்சைடா? பாட்டில் மலிவு, ஆனால் தினமும் காலையில் அளந்து ஊற்ற வேண்டும். சிலிண்டர் செலவு, ஆனால் டைமர் போட்டுவிட்டால் தன்பாட்டுக்குக் குமிழி விடும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஏகாதசி விரதம்

வரதன் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி போனபின் உத்திர வீதி வீட்டில் தனியாக இருக்கிறார். வீடு வெறிச்சென்று இருக்கக்கூடாதென்று மகன் கண்ணன் தொட்டி வாங்கி வைத்தார். நான் பாட்டிலைக் கொடுத்தேன். ஒருநாள் சார் பதறிக்கொண்டு வந்தார். நாடா போல் நீளும் புல் எல்லாம் கூழாகிவிட்டதாம். அளவாக ஊற்றினீர்களா என்றேன். அளவுதானாம். ஏகாதசியன்று மட்டும் ஊற்றுவதில்லையாம். மறுநாள் விரதம் முடிக்கும் பாரணைக்கு இரண்டு நாள் பங்கையும் சேர்த்து ஊற்றிவிடுவாராம். அந்தப் புல்லுக்கு இந்த மருந்து கொஞ்சம் கூடினாலே ஆகாது.

எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் சாரின் முகம் வாடிக்கிடந்தது. கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் கண்ணன், "தனியா இருந்தது போதும், எங்களோட வந்துடுங்கோ" என்று நச்சரிக்கிறாராம். ஒரு தொட்டியைக்கூடப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று தெரிந்தால், அதையே சாக்காக வைத்து அழைத்துப் போய்விடுவார் என்று சாருக்குப் பயம். அப்படியும் விரதத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆத்துல நான் பட்டினி கிடக்கறச்சே, அது மட்டும் சாப்பிடலாமா, சொல்லுங்கோ!"

கைலாசபுரத்து யோசனை

அந்த வாரமே கண்ணன் வந்தார். அவர் சிலிண்டர் கட்சி. டைமரில் போட்டுவிட்டால் அப்பா மறந்தாலும் செடி பிழைக்கும் என்றார். வால்வு, அழுத்தம் என்று எனக்கே பாடம் எடுத்தார். ஃபேக்டரி இன்ஜினியர் ஆயிற்றே! ஆனால் அப்பாவிடம் சொல்லத்தான் தைரியமில்லை. வீட்டுக்குப் போனால் பேச்சு குவார்ட்டர்ஸில் போய் முட்டி, சாப்பிடாமல் திரும்ப வேண்டியிருக்கிறதாம். அதனால் போவதே குறைந்துவிட்டதாம். ஒரே ஊரில் இருக்கும் அப்பாவைப் பற்றி என் கடையில் வந்து விசாரிக்கிறாரே என்று பாவமாக இருந்தது. "நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க மேடம். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

இட்லி மாவு

நானாகச் சொல்வது போலத்தான் சொன்னேன். வாத்தியார் லேசுப்பட்டவரா? மகன் யோசனை என்று கண்டுபிடித்துவிட்டார். அவன் சிலிண்டர் வேண்டாம் என்று, தானே வாயு தயாரிக்க இறங்கிவிட்டார். பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, அதிலிருந்து தொட்டிக்கு ட்யூப் விடுவது எங்கள் தொழிலில் பழைய வழிதான். ஈஸ்ட் நாற்றம் பெருமாள் இருக்கும் வீட்டுக்கு ஆகாதென்று சார் பாட்டில் நிறைய இட்லி மாவை ஊற்றியிருக்கிறார். மாவு நன்றாகவே பொங்கி, ட்யூப் வழியாகத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. போன் வந்து ஓடினேன். தொட்டி மோர்ப்பானை போல் வெளுத்துக் கிடந்தது. மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை இறைத்து முடிப்பதற்குள் என் புடவையெல்லாம் புளித்த வாடை. சார் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்கு சரியாத்தாம்மா இருக்கு. மாவுதான் ஒத்துழைக்கலை."

சிலிண்டர் சைஸ்

மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, சிலிண்டரே கொடுக்கச் சொன்னார். தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டார். துவாக்குடிப் பக்கம் கொண்டுபோய் நிரப்ப வேண்டும். கனம், நீங்கள் தூக்கக்கூடாது. கண்ணன்தான் வந்து எடுத்துப்போய், நிரப்பிக் கொண்டுவந்து மாட்ட வேண்டும் என்றேன். சாரின் முகம் மெல்லத் தெளிந்தது. நானும் வியாபாரிதானே, இருப்பதிலேயே பெரிய சிலிண்டரைக் காட்டி, மாதக்கணக்கில் தாங்கும் என்றேன். "பெரிசு வேண்டாம்மா. சின்னதா ஒண்ணு குடுங்கோ. சீக்கிரம் தீரணும்."

கசிவு

இப்போது அந்த நாடாப்புல் தொட்டி முழுக்க அசைந்தாடுகிறது. சிலிண்டர் மாட்டப் போகும் நாளெல்லாம் கண்ணனுக்கு அங்கேதான் சாப்பாடு. குவார்ட்டர்ஸ் பேச்சு நின்றேபோய்விட்டது. செடியை இப்படி வளர்ப்பவரிடம் தனியாக இருக்காதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? போன வாரம் கண்ணன் சிலிண்டரை என் மேசையில் வைத்து, இவ்வளவு சீக்கிரம் தீர்கிறதே, கசிகிறதா என்றார். சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன். கசிவில்லை. மனசு கேட்காமல், சீக்கிரம் தீர வேண்டுமென்றே அப்பா சின்ன சிலிண்டர் கேட்டு வாங்கிய கதையைச் சொல்லிவிட்டேன். அவர் சிலிண்டரைத் தடவிக்கொண்டே நின்றார். "அப்ப கசியுதுன்னே இருக்கட்டும் மேடம். அப்பா கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

பாட்டிலா சிலிண்டரா என்று யார் வந்து கேட்டாலும், தொட்டியின் நீள அகலத்தை விட்டுவிட்டு நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "உங்க பிள்ளைங்க எங்க இருக்காங்க?" என்பதுதான்.