பேராலயத்தில் மல்லாந்து படுத்த குணேஸ்வரி

குணேஸ்வரியின் மாமியார் யாழ்ப்பாணத்தில் இறந்துபோன செய்தி 2005 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அவள் அப்போது பேராலயம் பார்க்கப் போவதற்காகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அழ வேண்டிய அளவுக்கு அழுதாள். பிறகு, இனி அந்தப் பேராலயத்தை எப்போது பார்ப்பது என்று கவலைப்பட்டாள். கல்நெஞ்சுக்காரி என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கு அவளைத் தெரியும்.

நான் கொறற்றி, பாசையூர்க் கத்தோலிக்க வேதக்காரி. ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஒரே ஆஸ்பத்திரியில் அவளும் நானும் பன்னிரண்டு வருடம் நிலம் துடைத்தோம். யாழ்ப்பாணத்தில் அவள் அரசாங்கக் கந்தோரில் கட்டட வரைபடம் கீறியவள். இங்கே அந்தச் சான்றிதழை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பது வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருந்து, அதே தொழிலுக்கு அவுஸ்பில்டுங்கை முதலிலிருந்து தொடங்கினாள். அந்தத் தொழிற்பயிற்சியின் இரண்டாம் வருடத்தில்தான் இந்தச் சோதனை. பழைய பேராலயம் ஒன்றுக்குப் போய், கூரை வளைவில் ஒரு பகுதியைத் தானே அளந்து கீறிக் கொண்டுவர வேண்டும். மறுவாரம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் கொடுக்காவிட்டால் வருடம் போச்சு. வருடம் போனால் அவளைப் பயிற்சிக்கு எடுத்த அலுவலகமும் கைவிரித்துவிடும்.

ஆனால் வீட்டில் துடக்கு. சாவு நடந்த குடும்பம் முப்பத்தொரு நாளுக்குக் கோவில் படி மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் முறை. குணேஸ்வரியின் புருசனுக்கு அக்கா கனகவல்லி. ஜெர்மனியில் உள்ள தமிழருக்கெல்லாம் துடக்குக் காக்கும் பொறுப்பைத் தன்னிடம்தான் தந்திருக்கிறார்கள் என்று அவருக்கு நினைப்பு.

"அது வேதக் கோயில்தானே, மச்சாள்," என்றாள் குணேஸ்வரி.

"மணி அடிச்சா எல்லாம் கோயில்தான். வாத்தியாரிட்டச் சொல்லி ஒரு மாசம் கேள்."

"கேட்டனான். ஏலாதெண்டிட்டார்."

"அப்ப விடு. இந்த வயசில கீறி என்னத்தைக் கிழிக்கப் போறாய்?"

புருசன் பாலச்சந்திரன் பக்கத்தில்தான் நின்றார். நல்ல மனிதர், ஆனால் அக்காவுக்கு முன்னால் வாய் திறக்கமாட்டார். அன்றும் திறக்கவில்லை. துக்கம் விசாரிக்கப் போயிருந்த எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளிக்கிழமை கனகவல்லி எனக்கே போன் எடுத்தார். "கொறற்றி, நீராவது அவளுக்குப் புத்தி சொல்லும்."

"ஓம் அக்கா, சொல்லுறன்," என்றேன். சொன்னேன்தான். சனிக்கிழமை ஏழரை ரயிலுக்கு நானும் வாறன் என்று குணேஸ்வரிக்குச் சொன்னேன்.

ஒரு மணி நேர ஓட்டம். பேராலய வாசலைத் தாண்டியதும் நான் முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் போட்டேன். அவள் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினாள். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"சப்பாத்தோட வந்தா மாதா கோவிக்கமாட்டா. போடடி, நிலம் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"மாதாவுக்கு இல்லை. என்ர பாதம் இருபத்திமூண்டரை சென்ரிமீற்றர்," என்றாள் அவள். தூணோடு குதிகாலை ஒட்டி வைத்து, அடிமேல் அடி வைத்து அடுத்த தூண்வரை எண்ணிக்கொண்டு போனாள். அளவுநாடாவை விரித்தால் யாராவது வந்து மறிப்பார்கள் என்று முதலே யோசித்து வந்திருக்கிறாள், கள்ளி.

நான் எத்தனையோ கோவில்களில் மண்டியிட்டிருக்கிறேன். ஒன்றிலும் கூரையைப் பார்த்ததில்லை. தலை குனிந்தே பழகிவிட்டது. அன்றைக்கு அவள்தான் என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். தூண்கள் நேரே ஏறிப்போய், உச்சியில் கல் விலாக்களாகப் பிரிந்து, நடுவில் பூச் செதுக்கிய ஒரு கல்லில் வந்து சேர்ந்தன.

"பாரம் முழுக்க இந்த விலாவால இறங்கித் தூணுக்கு வருது. அதாலதான் சுவரில இவ்வளவு பெரிய சன்னல் வைக்க ஏலுது," என்றாள். அந்தச் சன்னலின் நீலமும் சிவப்பும் அவளுடைய வெறுங்காலில் விழுந்திருந்தன. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

அவள் மறுபடி அளந்தாள். ஒரு பக்கம் முப்பத்திரண்டு பாதம், எதிர்ப்பக்கம் முப்பத்தொன்று. மூன்றாம் தரமும் அதே கணக்குத்தான் வந்தது.

"கட்டினவன் பிழை விட்டிருக்கிறான், கொறற்றி! எழுநூறு வருசமாக் கோணலா நிக்குது, விழேல்லை. நானும் கோணலாத்தான் கீறுவன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமியார் செத்த ஏழாம் நாள் அது.

பிறகு போட்டிருந்த குளிர்க்கோட்டைக் கழற்றி நிலத்தில் விரித்து மல்லாந்து படுத்தாள். மடித்த முழங்காலில் பலகையைச் சாய்த்துக் கீறத் தொடங்கினாள். சிவப்பு அங்கி போட்ட ஆலயக் காவலர் விரைந்து வந்து, இது படுக்கிற இடமில்லை, எழும்புங்கள் என்றார். அவள் எழும்பவில்லை. "இதைக் கட்டியவர்கள் மேலே பார்க்கத்தானே கட்டினார்கள்? நின்று பார்த்தால் கழுத்து நோகிறது. இன்னும் இரண்டு விலா மிச்சம்," என்று ஜெர்மனில் சொன்னாள். அவளுடைய ஜெர்மனில் இலக்கணம் நொண்டும், பயம் இராது. அவர் குனிந்து தாளைப் பார்த்தார். அதன்பின் இருபது நிமிடம், வருகிறவர்கள் அவளை மிதிக்காமல் சுற்றிப்போகக் கைகாட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

அடுத்த நாள் எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கும் எட்டாம் நாள். குணேஸ்வரி வெள்ளெனச் சமையலை முடித்து, படைத்து, கும்பிட்டுவிட்டாள். பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அந்த வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதில் பெரிய தாளை ஒட்டி, கீறியதற்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். கனகவல்லி உள்ளே வந்தார், தாளைப் பார்த்தார், முகம் கறுத்தது.

"துடக்கோட போயிருக்கிறாய்!"

"ஓம், போனனான். அந்தக் கோயில் ஒரு முறைப்பாடும் சொல்லேல்லை."

"மேசையை ஒதுக்கு. சனம் சாப்பிட வேணும்."

"ஏலாது மச்சாள். மை காயேல்லை, இன்னும் பாதி கிடக்கு. நாளைக்கு எட்டு மணிக்குக் குடுக்க வேணும். நிலத்தில இருந்து சாப்பிடுங்கோ."

"அம்மா மேலயிருந்து பாத்துக்கொண்டிருக்கிறா."

குணேஸ்வரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பாக்கட்டும். பன்னிரண்டு வருசம் இந்த நாட்டின்ர நிலத்தைத் துடைச்சனான். இனி இந்த நாட்டுக்கு வீடு கீறுவன். மாமியும் பாக்கட்டும், நீங்களும் பாருங்கோ."

 கனகவல்லி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பாலச்சந்திரன் குசினிக்குள் போனார். சோற்றுக் கோப்பையோடு வந்து, மனைவியின் மேசைக்குப் பக்கத்தில், நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார்.