வெடி போடாத சாவு

செல்வகுமாரி விற்றது அமைதியை. கேட்டால் சிரிப்பு வரும். வில்லியனூரிலிருந்து சங்கராபரணி ஆற்றுப் பக்கம் உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர் அது. நெல்லும் கரும்பும் தவிர அங்கே விற்க வேறென்ன இருக்கிறது என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. சும்மா கிடந்த அமைதிக்கு இவள் ஆள் கண்டுபிடித்து வாடகைக்கு விட்டாள். கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், வைத்தியலிங்கம் சாகாமல் இருந்திருந்தால்.

ஆரம்பத்தில் அவளும் எல்லாரையும் போலத்தான் தொடங்கினாள். கணவன் ராஜ்மோகனுக்குத் திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. இருவருமாகச் சேர்ந்து, தாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறையோடு ஒரு வீடு கட்டி, புக்கிங் ஆப் ஒன்றில் போட்டார்கள். சனிக்கிழமையானால் பையன்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து, கடல் எங்கே என்று கேட்டார்கள். கடல் இல்லை என்று தெரிந்ததும் குடித்தார்கள். காலி பாட்டிலைப் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் வீசிவிட்டு, போகிறபோது ஒற்றை நட்சத்திரமும் போட்டுவிட்டுப் போனார்கள். 'இங்கே ஒன்றுமே இல்லை' என்று எழுதியிருந்தான் ஒருவன்.

அந்தக் கொல்லை ராஜ்மோகனின் அண்ணன் வைத்தியலிங்கத்துடையது. மடை திருப்பப் போனவர் காலில் கண்ணாடி ஏறியது. புண் ஆறுவதற்கு ரொம்ப நாள் பிடித்தது. ஆறிய பிறகும் லேசாக நொண்டினார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அவர் மனைவி வள்ளிநாயகி, செல்வகுமாரிக்கு ஓரகத்தி, எதிரே வந்தால் குடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அப்புறம் ஒரு நாள் அதே ஆப் வழியாக ஒரு தம்பதி மகனோடு வந்தார்கள். பையனுக்கு ஆட்டிசம். மிக்சி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறவன். ஹோட்டலுக்குப் போனால் லிப்ட் மணிக்கே தரையில் விழுந்து உருளுவானாம். இங்கே வந்த அன்று மத்தியானம் அவன் பாட்டுக்குப் படுத்துத் தூங்கிவிட்டான். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"இன்னா மேடம், இன்னா ஆச்சு?" என்று பதறினாள் செல்வகுமாரி.

"ஒண்ணும் ஆகல. அதுக்குத்தான் அழறேன்."

அந்த அம்மாதான் அவளைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டும் இருக்கிற குழு. விளம்பரம் போட்டால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். மருந்து விற்றவன், மந்திரம் விற்றவன், பயிற்சி விற்றவன் என்று எல்லாரிடமும் ஏமாந்து சூடுபட்ட ஜனம். செல்வகுமாரி அங்கே வாடகை என்ற வார்த்தையைக்கூட எடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னாள். குக்கர் விசில் அடிக்குமா? அடிக்காது, சோறு வடித்துத்தான் ஆக்குகிறேன். காலிங் பெல்? கழற்றிவிட்டேன். ஃபேன்? ஓடுகிற ஃபேனைச் சத்தத்தோடு வீடியோ பிடித்து அனுப்பினாள். நாய்? தெருவில் ஒன்று உண்டு, கிழம், குரைக்க அதற்கே சோம்பல். ஒருவருக்குச் சொன்னதை மற்றவர்களும் படித்தார்கள். வந்து போனவர்கள் வராதவர்களுக்குச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் ஆப்பிலிருந்து வீட்டை எடுத்துவிட்டாள். எல்லாரும் நேராக அவள் போனுக்கே கூப்பிட்டு நாள் கேட்டார்கள்.

நாள் கொடுப்பதில்தான் அவள் சாமர்த்தியமே இருந்தது. ஆடித் திருவிழா, மயானக் கொள்ளை, தீபாவளி, பொங்கல் எல்லாம் கதவடைப்பு. காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் யார் வீட்டில் எப்போது வருமோ? அதற்கு மைக் செட்டு மணிவண்ணனுக்குப் போன் போடுவாள்.

"தம்பி, அந்த வாரம் நம்ம ஊர்ல செட்டு எதுனா கட்டுறியா?"

"இல்லக்கா, கரையாம்புத்தூர் போறேன்."

அதற்கப்புறம்தான் 'வாங்க மேடம்' என்று பதில் போகும்.

ஆற்றுக்குப் போகும் சாலை அவள் வீட்டை ஒட்டித்தான் திரும்புகிறது. வைத்தியலிங்கம் தன் டிவிஎஸ் வண்டியில் அந்த வழியாகத்தான் ஆற்றோரத்து நிலத்துக்குப் போவார். அந்தத் திருப்பத்தில் வண்டி அடிக்கடி நின்றுபோகும். மனிதர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டித் தள்ளிக்கொண்டு போவார். "உங்க அண்ணன் அந்த ஓட்ட வண்டிய எப்பத்தான் தல முழுகுவாரு?" என்று செல்வகுமாரி சிரிப்பாள். ராஜ்மோகனும் சிரித்து வைப்பான்.

கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்ட வினோதினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வெடி வெடிப்பாங்களாக்கா?"

அவள் மகள் நிவேதாவுக்குப் பன்னிரண்டு வயது. போன தீபாவளிக்கு யாரோ தெருவில் கொளுத்திய சரத்துக்கு மிரண்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடி, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றவள். டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

"வெடியா? நம்ம ஊர்ல அந்தப் பேச்சே கெடையாது மேடம். நான் கேரண்டி," என்றாள் செல்வகுமாரி.

வாய்க்கொழுப்பில் சொன்னதல்ல, நம்பித்தான் சொன்னாள். எல்லாம் விசாரித்தவளுக்குச் சாவு ஒன்று இருப்பது நினைவில் வரவில்லை. சாவுக்கு யாரும் மணிவண்ணனிடம் முன்கூட்டி நாள் சொல்லி வைப்பதில்லையே!

வினோதினியும் நிவேதாவும் வந்து இறங்கிய மறுநாள் காலை, வைத்தியலிங்கம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

ஊரில் பேர் உள்ள குடித்தனக்காரர். அப்படிப்பட்டவர் சாவு என்றால் திருப்பத்துக்குத் திருப்பம் சரம் கொளுத்துவார்கள், வானவெடி விடுவார்கள். சுடுகாடு ஆற்றங்கரையில். பாடை செல்வகுமாரி வீட்டுத் திருப்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வினோதினியிடம் ஓடினாள். "மேடம், இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பாண்டிச்சேரியில ரூம் போட்டுத் தரேன், போயிடுறீங்களா?"

வினோதினி முகம் வெளுத்துவிட்டது. இந்த வீட்டுக்கு வருவதற்கே சுவரில் படம் படமாக ஒட்டிக் காட்டி, வாரக்கணக்கில் மகளைப் பழக்கியிருந்தாள். "திடீர்னு கார்ல ஏறுன்னா செவுத்துல தலைய மோதிக்குவாக்கா. நீங்கதான் ஏதாவது செய்யணும். கேரண்டின்னு சொன்னீங்களே."

அந்தச் சொல் செல்வகுமாரியைச் சுட்டது. மாலை வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனாள். எத்தனை வருடத்துப் பகையாக இருந்தாலும் சாவுக்கு வந்தவர்களை யாரும் தடுப்பதில்லை. ஃப்ரீசர் பெட்டிக்குத் தலைமாட்டில் வள்ளிநாயகி உட்கார்ந்திருந்தாள். செல்வகுமாரி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை உண்மை. வைத்தியலிங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் தானாக வந்த அழுகை. ஆனால் அழுதுகொண்டே அவள் கண், வாசலில் ஆட்டோவிலிருந்து வெடிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த அவர் மகன் சுரேஷின் மேல்தான் இருந்தது.

"அக்கா," என்று காதோரம் சொன்னாள், "நம்ம வூட்டுல ஒரு கொழந்த வந்துகீது. வெடி சத்தம் கேட்டா அதும் உசுருக்கே ஆபத்து. வெடி மட்டும் வேணாங்கா."

வள்ளிநாயகி அவளை யாரோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

சுரேஷுக்குச் சேதி போனதும் உள்ளே வந்து கத்தினான். "இன்னா சித்தி பேசுறீங்க? எங்கப்பா இன்னா அனாதைப் பொணமா?"

"வேணாம்டா. எல்லாத்தையும் திருப்பி வண்டில ஏத்து," என்றாள் வள்ளிநாயகி. அன்றைக்கு அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அடங்கினார்கள்.

மத்தியானம் பிணம் எடுத்தார்கள். செல்வகுமாரி வீட்டுத் திருப்பம் வந்ததும், சொல்லி வைத்தபடி மேளக்காரர்களும் குச்சியை நிறுத்திக்கொண்டார்கள். பூப்பாடை, காலடிச் சத்தம் மட்டும் கேட்க, அந்த வீட்டைக் கடந்து போனது. ஒரு பக்கம் தோள் கொடுத்து வந்த ராஜ்மோகன் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. பின்கட்டில் நிவேதா, தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வினோதினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு அந்த ஊர்வலத்தைப் போனில் பிடித்தாள்.

சாயங்காலம் கேட்டாள். "அக்கா, இத எங்க குரூப்ல எழுதட்டுமா? ஒரு ஊரே என் பொண்ணுக்காகச் சத்தமில்லாம நடந்துச்சு. இத சொல்லாம இருக்க முடியல."

வள்ளிநாயகியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று செல்வகுமாரிக்குத் தோன்றாமல் இல்லை. இப்படி ஒரு பதிவு என்ன கொண்டுவரும் என்பதும் சேர்ந்தே தோன்றியது.

"எழுதுங்க மேடம்," என்றாள்.

வினோதினி நல்ல மனசோடு எழுதினாள், நன்றாகவும் எழுதினாள். படித்த தாய்மார்கள் அழுதார்கள். இப்படியும் ஓர் ஊரா என்றார்கள். செல்வகுமாரியின் போன் ஓயவில்லை. அடுத்த பல மாதத்துச் சனி ஞாயிறுகள் நிரம்பின. பங்காளி வீட்டுத் தீட்டு கழியாமல் தலைக்கு எண்ணெய் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் சந்தோஷமாக இருந்தாள். அதை மறைத்து என்ன பயன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தாள்.

குழுவுக்குள் போட்டது குழுவுக்குள்ளேயே இருக்குமா? யாரோ நெகிழ்ந்துபோய் அந்த வீடியோவை வெளியே போட்டார்கள். கீழே, 'இந்த ஊரில் தங்க விரும்புகிறவர்கள் அழைக்கவும்' என்று செல்வகுமாரியின் நம்பரையும் உபகாரமாகச் சேர்த்திருந்தார்கள். சுரேஷும் திருபுவனையில்தான் வேலை பார்க்கிறான். சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் போனை நீட்டி, "டேய், இது உங்கப்பா பாடைதான? வாடகை வூட்டு விளம்பரத்துல வருதுடா," என்று காட்டியிருக்கிறான்.

சுரேஷ் நேராகச் செல்வகுமாரி வீட்டு வாசலுக்கு வந்தான். இந்த முறை கத்தவில்லை.

"வெடி செலவுக்குப் பயந்துட்டாங்கன்னு ஊரே எங்கம்மாவ பேசுது. கம்முனு கேட்டுக்கினு இருக்கிறோம். நீங்க எங்கப்பாவ வச்சு இன்னும் எத்தினி பேருக்கு ரூம் வுடப் போறீங்க சித்தி?"

அவன் தெருமுனை திரும்பும் முன்பே செல்வகுமாரி போனை எடுத்தாள். வினோதினியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் பதறிப்போய் அழுதாள், பதிவை உடனே எடுத்தாள். எடுத்து என்ன? அதற்குள் அது யார் யார் போனிலோ போய் உட்கார்ந்துவிட்டது.

கருமாதி வந்தது. அந்த நாளுக்கு வருவதாக இருந்தவர்களிடம் செல்வகுமாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வில்லியனூர் போய்ப் பெரிய சரமும் வானவெடியுமாக ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். "எதுக்கு இந்த வேல? இருக்கிற மானம் போதும்," என்றான் ராஜ்மோகன். அவள் கேட்கவில்லை. காரியம் முடிந்து, ஆற்றங்கரையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, வேப்பமரத்தடியில் தனியாக இருந்த வள்ளிநாயகியின் முன்னால் பையை வைத்தாள்.

"இன்னாடி இது?"

"அன்னிக்குப் போடாதத இன்னிக்குப் போட்டுடலாங்கா. நானே கொளுத்துறேன். நீ பொணத்தாண்ட உக்காந்துகினு இருக்கும்போது வந்து கேட்டேன் பாரு, அது தப்பு."

வள்ளிநாயகி பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ கேட்டதுக்காக நான் தலையாட்டினேன்னா நெனச்சுக்கினு இருக்க? அவரு உன் வூட்டுத் திருப்பத்துல எறங்கி வண்டியத் தள்ளிக்கினு போவாரே, பாத்துருக்கியா?"

"பாத்துருக்கேங்கா."

"வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல. அவரே ஆஃப் பண்ணிடுவாரு. அந்த வூட்டுக்கு வர்ற புள்ளைங்க சத்தத்துக்கு பயந்துக்குதுடின்னுவாரு. அந்த நொண்டிக் கால வச்சிக்கினு தள்ளினாரு. அவரு இருந்தாலும் வெடி வேணான்னுதான் சொல்லியிருப்பாரு. அதுக்குத்தான் தலையாட்டினேன்." பையைத் தள்ளி வைத்தாள். "உன்னாண்ட வந்து, உனக்காகத் தள்ளிக்கினு போறேன்னு ஒரு நாளாவது சொன்னாரா? என்னாண்ட தவுர யாராண்டயும் சொன்னதில்ல. நாங்க ஒரு நாள் சத்தமில்லாம அடங்கி இருந்தத நீ ஊருக்கெல்லாம் சொல்லி ஆள் புடிச்சிட்ட."

ஓட்டை வண்டி என்று சொல்லிச் சிரித்த சிரிப்பெல்லாம் செல்வகுமாரிக்கு நினைவுக்கு வந்தது.

"எடுத்துக்கினு போ," என்றாள் வள்ளிநாயகி. "இனிமே அவருக்கு எது கேக்கப் போவுது?"

செல்வகுமாரி பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். வெடியில்லை என்று சத்தியம் செய்து வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் அதை எப்படி வைப்பது? கொல்லையில் வீசலாமென்றால் அது அவருடைய கொல்லை, அங்கே வீசியதெல்லாம் போதும். அவர் வண்டியை விட்டு இறங்குகிற இடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. புது நம்பர். யாரோ ஒரு தாய், தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா, வெடியே வெடிக்காத ஊருன்னு சொன்னாங்க. அது உங்க ஊர்தானாக்கா?"

"இல்லம்மா," என்றாள் செல்வகுமாரி. "இங்கயும் வெடிப்பாங்க. ஒருத்தரு சாவுக்கு மட்டுந்தான் வெடிக்கல."

அந்தப் பக்கம் அந்த அம்மா இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். செல்வகுமாரி போனை அணைத்துவிட்டு, வெடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.