நடக்க விடாத ஊர்

நான் டவுன் பஸ் டிரைவராக இருந்தவன். மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் பரவை வழியாகப் போகும் ரூட்டில்தான் என் சர்வீஸில் பாதி ஓடியது. ஸ்டாப் இல்லாத இடத்தில் கை காட்டினாலும் நிறுத்துவேன். கூடையைத் தூக்கிக்கொண்டு காய்கறி மார்க்கெட்டுக்கு ஓடி வருகிறவர்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது. கண்டக்டர்கள் திட்டுவார்கள். நான் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன். அந்த நல்ல பெயர்தான் வயதான காலத்தில் என் காலை வாரிவிடப் பார்த்தது.

ரிட்டயர் ஆன கொஞ்ச காலத்திலேயே மனைவி போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் டி.வி. முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன்தான். திரையில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பேச ஆள் இல்லை, பேசவும் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பல் துலக்க எழுந்தபோது இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். லேசான பக்கவாதம், சீக்கிரம் வந்ததால் தப்பித்தீர்கள் என்றார்கள்.

ஒத்தக்கடையில் இருக்கும் மகள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மாடி வீடு. மருமகன் தங்கமான பிள்ளை, குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். ஆனால் காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பால்கனியில் உட்கார்ந்து மேலூர் பஸ்களை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். உட்கார்ந்தே விழுந்தவனை மறுபடியும் உட்காரச் சொன்னால் எப்படி? எனக்கு அந்த பால்கனியைப் பார்த்தாலே பயமாக இருந்தது. என் வீட்டுக்கே போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அப்போது எனக்கு இருந்ததும் ஒரு கால்தான்.

மகள் கடைசியில் இறங்கி வந்தாள். “சரிப்பா, தை பொறக்குற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள நீங்களா மார்க்கெட்டுக்கு நடந்து போயி, காய் வாங்கிட்டு, நடந்தே வீட்டுக்கு வரணும். முடியலேன்னா வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துரணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது.”

மாற மாட்டேன் என்று அவள் தலைமேல் கை வைத்துச் சொல்லிவிட்டுப் பரவைக்கு வந்தேன். பிசியோதெரபிக்கு வந்த பெண்ணும் அதையேதான் சொன்னாள்: “நடங்க சார். தெனமும் நடங்க. இதுக்கு மாத்திரை கெடையாது.”

முதல் நாள் தெரு முனையைத் தாண்டியிருப்பேன். ஒரு பைக் வந்து உரசுகிற மாதிரி நின்றது.

“டிரைவரண்ணே! இம்புட்டு வெயில்ல எங்க நடந்து போறீங்க? ஏறுங்க, விட்டுர்றேன்.”

வேண்டாம் தம்பி, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். “அதெல்லாம் நாளைக்கு நடந்துக்கலாம்ணே” என்று என் கைப்பையைப் பிடுங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டான். பை போன இடத்துக்கு நானும் போக வேண்டியதாயிற்று. மறுநாள் மொபெட்டில் வாழைத்தார் ஏற்றி வந்தவர், தாரைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி எனக்கு இடம் செய்தார். அதற்கு மறுநாள் இன்னொருவர். இவர்களெல்லாம் ஒரு காலத்தில் நான் ரோட்டில் நிறுத்தி ஏற்றிக்கொண்டவர்கள். நன்றியை மறக்காத ஜனங்கள். அந்த நன்றியைக் கண்டுதான் நான் நடுங்கினேன்.

ஒருவரிடம் கறாராக முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். “அக்கா காரியத்துக்கு வரலேன்னு கோவமாண்ணே? அன்னைக்கு நான் திருப்பூர்ல இருந்தேன்ணே, தெரிஞ்சா வராம இருப்பனா?” எங்கள் பக்கத்தில் ஒருவர் வண்டியில் ஏற மறுத்தால் அதற்குப் பின்னால் ஒரு பகை இருந்தாக வேண்டும். கால் தேற வேண்டும் என்று மறுத்தேன் என்றால் எவன் நம்புவான்? கால் முடியாதவன் முதலில் அல்லவா ஏறுவான்! ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் என் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அது எனக்கு இதமாகத்தான் இருந்தது. இறங்கிய பிறகு, இடது காலைப் பார்த்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இப்படியே மார்கழி வந்துவிட்டது. காலில் தெம்பு வந்தபாடில்லை. விடியற்காலையில் திண்டுக்கல் ரோட்டில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சை வேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடு கூட்டம் கூட்டமாகப் போக ஆரம்பித்தார்கள். டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒருவர் காலில் கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டு போனார். ஒரு பைக்காவது நிற்க வேண்டுமே! வண்டிக்காரர்கள் ஓரமாக ஒதுங்கி, ஒரு கையால் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். என் கையில் இருந்த டீ ஆறிப்போனது.

அன்றைக்கே எங்கள் தெரு முருகன் கோயிலுக்குப் போய் மாலை போட்டுவிடச் சொன்னேன். பூசாரி என் காலைப் பார்த்தார்.

“இந்தக் காலோட பழனிக்காண்ணே?”

“இல்லப்பா. மார்க்கெட் வரைக்கும்.”

“அங்க முருகன் இல்லையேண்ணே!”

“பழனிக்கு நடக்குற கால அவரு இன்னும் திருப்பித் தரல. தந்த மட்டுக்கும் நடக்குறேன். அவரு கணக்குல ஏத்துக்கிட்டா ஏத்துக்கிறட்டும்.”

பூசாரி சிரித்தார். ஆனாலும் பூசை வைத்து முறையாகத்தான் மாலை போட்டார். நானும் முறையாகத்தான் இருந்தேன். காலையில் பச்சைத்தண்ணீர்க் குளியல், கவுச்சி கிடையாது. முருகனை வைத்து ஊரை ஏமாற்றக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

பிறகு ஒரு வண்டியும் நிற்கவில்லை. “சாமி, பாத்துப் போங்க” என்று ஒதுங்கினார்கள். எனக்கு நடக்க ரோடு கிடைத்தது. முதலில் பெட்ரோல் பங்க் சுவர் வரைக்கும் போய்த் திரும்பினேன். இடது கால் செருப்பு கழன்று கழன்று விழுந்தது. பின்னால் வார் வைத்துத் தைத்து மாட்டிக்கொண்டேன். சில நாள் கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். அப்போது அதை வாய்க்கு வந்தபடி திட்டுவேன், பிறகு மாலை போட்டிருப்பது நினைவுக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொள்வேன். விடவில்லை. ஒரு நாள் நின்று நின்று மார்க்கெட் வாசலைத் தொட்டே விட்டேன். மூச்சு வாங்கியது. ஆனால் பசித்தது. மனைவி போனதற்கப்புறம் வயிறு தானாகப் பசிக்கிறது என்று கேட்டது அன்றுதான்.

கத்தரிக்காய் விற்கும் அம்மாள் என்னைக் கும்பிட்டார். “இந்தக் காலோட மலைக்குப் போறீகளே சாமி! எம் மகளுக்கு நல்ல எடமா அமையணும்னு வேண்டிக்கங்க.”

“நான் மார்க்கெட்டுக்குத்தான் தாயி நடந்து வாரேன்.”

“பெரியவுக இப்பிடித்தான் அடக்கமாச் சொல்லுவீக” என்று பையில் ஒரு கை கத்தரிக்காயைக் கூடுதலாகப் போட்டார். நான் என்னதான் செய்வது?

பேச்சு ஒத்தக்கடை வரைக்கும் போய்விட்டது. பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால், பையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். மகள் ஸ்கூட்டரில் வந்து வழியை மறித்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“மார்க்கெட்டுக்கு நடங்கன்னா பழனிக்குக் கெளம்பிட்டீங்களாமே! வழியில விழுந்து கெடந்தா எனக்கு யாருப்பா சொல்லுவா? அம்மாவும் இல்ல, நீங்களும் இல்லேன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?”

ரோட்டோரத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மார்க்கெட் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கனத்துத் தொங்கிய என் பையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

“அங்கருந்து நடந்தா வாரீங்க?”

“நடந்துதான்.”

“வீட்டுச் சாவியக் குடுங்க.”

பூட்டப்போகிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். “எதுக்கு ஆத்தா?” என்று கேட்டேன்.

“நான் முன்னாடி போயி ஒல வைக்கிறேன். கொழம்புக்குக் காய் நீங்க கொண்டு வாங்க. சாப்ட்டுட்டு நான் மட்டும் கெளம்பிருவேன்.”

சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். பின் சீட் காலியாக இருந்தது. கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். எங்கே ஏறச் சொல்லிவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

“மெதுவா நடந்து வாங்கப்பா” என்றாள். போய்விட்டாள்.

ரோட்டில் நின்றபடியே அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தேன். இடது காலும் கூடவே வந்தது.